மோதினார் கண்ட பிறை

“உன்ட மாப்பிள்ளைக்குக் கண் சரியில்லாட்டி வீட்டில கிடந்திருக்கலாமே. ஊர் முழுக்க ஒரு நோன்பைத் திண்டுபோட்டு நிக்குது. இதுக்கு ஆர் பதில் சொல்றது?”

“ராத்தா, அவர் மட்டுமோ கண்டது? உங்கட தம்பியும் பக்கத்தில நிண்டு கண்டனான் எண்டு சத்தியம் பண்ணினவர்தானே. முதல்ல அவர்ட கண்ணைக் கழுவச் சொல்லுங்கோ.”

“என்ட தம்பியைப் பேச வந்திட்டியோ நீ? பள்ளி குடுத்த வீட்டில இருக்கிறவளுக்கு வாயைப் பார்.”

நோன்புப் பெருநாளன்று பின்னேரம், பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள கிணற்றடியில் நடந்த சண்டை இது. விடத்தல்தீவில் பெருநாளன்று பெண்கள் சண்டை பிடிப்பதில்லை, புதுச்சேலை கசங்கிவிடும். ஆனாலும் அன்றைக்கு ஹவ்வா உம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றி நின்றார். எதிரே நின்றவள் மோதினார் ஜுனைதீனின் மனைவி உம்மு குல்சூம். நான் என் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். வேலியில் ஒரு கிடுகு அவிழ்ந்திருந்தது, அதைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டைக்குக் காரணம் மன்னாரிலிருந்து மத்தியானம் வந்த ஒரு வள்ளம். அதில் வந்தவர்கள் எங்கள் வீடுகளில் நெய்ச்சோறும் வட்டிலப்பமும் மணப்பதைக் கண்டு வாயைப் பிளந்தார்கள். மன்னாரில் நோன்பாம், எருக்கலம்பிட்டியிலும் நோன்பாம். கொழும்பில் பிறை காணவில்லை என்று மன்னார்த் தபால் கந்தோருக்குத் தந்தி வந்ததாம். இலங்கை முழுவதும் ஒரு நாள் பொறுத்திருக்க, நாங்கள் மட்டும் பெருநாள் தொழுது, கட்டிப்பிடித்து, இரண்டாம் தரம் சோறும் போட்டுவிட்டோம். என் வீட்டுக்காரர் அபூசாலி கையில் இருந்த இறைச்சித் துண்டை என்ன செய்வதென்று என்னைக் கேட்டார். பாதி கடித்ததை என்ன செய்வது?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்தொன்பதாம் நோன்பு முடிகிற மாலையில் மேற்கே புதுப்பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதாக்க வேண்டும். பெருநாள் பிறைக்கு நம்பிக்கையான இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அந்த இருவர், பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் ஜுனைதீனும், பள்ளியை நடத்துகிற மரைக்காரும் இரண்டு வத்தைப் படகுகளுக்குச் சொந்தக்காரருமான அப்துல் றசாக்கும். கிணற்றடி ஹவ்வா உம்மா இந்த மரைக்காரின் மூத்த சகோதரி.

இனி ஜுனைதீனின் தலையிடிக்கு வருகிறேன். எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

ஜுனைதீன் கொண்டச்சிக்காரர். எங்கள் பள்ளிக்கு வந்து பதினைந்து வருஷம். ஐந்து வேளையும் பாங்கு சொல்வது, தொழ வருகிறவர்கள் கை கால் கழுவுகிற ஹவுள் தொட்டிக்கு முப்பது நாற்பது வாளி தண்ணீர் அள்ளி ஊற்றுவது, பள்ளியைக் கூட்டுவது, விளக்கேற்றுவது, ஊரில் மையித்து விழுந்தால் பிணம் தூக்குகிற சந்தூக்கைத் துடைத்து எடுத்து வைப்பது, இவ்வளவும் அவர் வேலை. அதற்குப் பள்ளி கொடுத்தது நெல்லும், பின்வளவில் இரண்டு அறை வீடும். அந்த வீட்டை விட்டால் அவர்களுக்கு மன்னார்ப் பகுதியில் ஒரு பனையோலைக் கீற்று இல்லை. மகள் றாபியாவுக்குப் பதினேழு முடிந்திருந்தது. எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்து, அதுவும் அந்த வீட்டுத் திண்ணிய சுவர்களைப் பார்த்துவிட்டுத்தான் திருப்தியாகப் போயிருந்தது. வீடு பள்ளியினுடையது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, நான் ஏன் சொல்ல வேண்டும்.

மாதத்தில் மூன்று தடவை, சில மாதம் ஐந்து தடவை, அந்த மனிதருக்கு வலப்பக்கத் தலையில் இடி இறங்கும். கண்ணுக்குப் பின்னால் தொடங்கிப் பிடரிக்குப் போய்த் தோள்மூட்டில் உட்காரும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. மீன் பொரிக்கிற மணம் ஐந்து வீட்டுக்கு அப்பால் இருந்து வந்தாலும் ஓங்காளிப்பார். சத்தம் ஆகாதவருக்குப் பாங்கு சொல்கிற வேலை. தலையை முண்டாசுத் துணியால் இறுக்கிக் கட்டி, வலக் கண்ணைப் பொத்திக்கொண்டு பாங்கு சொல்வார்; தன் குரலே தன் மண்டையில் கடப்பாரை போல விழும் என்று குல்சூம் சொல்வாள். சொல்லி முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இடி இல்லாத நாட்களிலும் அந்தத் தோளும் பிடரியும் அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. வாளியை இடக்கையால்தான் இழுப்பார்.

மருந்துக்குக் குறைவில்லை. சுக்குப் பத்துப் போட்டார்கள். நொச்சி இலைத் தலையணை வைத்தார்கள். பள்ளியில் தொழுகை நடத்துகிற லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். கோயிலடி அந்தோனிமுத்து மனைவி அன்னப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள், அதைப் பூசியதில் நெற்றித் தோல் உரிந்தது. மன்னாரில் ஒரு டிஸ்பென்சர் வெள்ளைத் தூள் கட்டிக் கொடுத்தார், அது வயிற்றைத்தான் பிடித்தது. வருத்தம் தன்பாட்டுக்கு வந்து தன்பாட்டுக்குப் போயிற்று.

ஊர் நம்பியதா? இல்லை. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம், கால் முறிந்தால் கட்டுத் தெரியும். இது காலையில் முனகிக்கொண்டு கிடந்து பின்னேரம் எழும்பிச் சோறு தின்கிற வருத்தம். “மோதினாருக்குத் தண்ணி அள்ளுற நாளில மட்டும் தலையிடி” என்று ஆண்கள் சொல்வார்கள். நானும் ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன், மறைப்பானேன். அந்த வருஷம் நோன்புக்கு முன்னர் இரண்டு தடவை விடியற்காலைச் சுபஹுப் பாங்கு பிந்திவிட்டது. இன்னொரு தடவை பிந்தினால் வேலையைத் தன் சகோதரி மகன் சனூனுக்குக் கொடுக்கப்போவதாக மரைக்கார் அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து ஜுனைதீன் தலையிடியை ஒளிக்கத் தொடங்கினார். முனகல் வந்தால் பாயைக் கடித்துக்கொள்வாராம்.

ஒளித்தது வேறொன்றும் உண்டு. அது குல்சூமைத் தவிர யாருக்கும் தெரியாது. இடி இறங்குவதற்கு முன்னால், கால் மணி அரை மணி நேரம், அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். முதலில் பொட்டாகத் தோன்றி, பிறகு வளைந்து, அரிவாள் போல ஆகி, ஓரம் பளபளவென்று துடிக்கும். கண்ணை மூடினாலும் நிற்கும். இதை வெளியே சொன்னால் மோதினாருக்கு ஜின் பிடித்திருக்கிறது என்பார்கள், றாபியாவின் சம்பந்தம் அன்றைக்கே படகேறிப் போய்விடும். ஆகவே புருஷனும் மனைவியும் வாயைக் கட்டியிருந்தார்கள். வேலிக்கு இப்பால் இருந்த எனக்கே தெரியாமல் பதினைந்து வருஷம் கட்டியிருந்தார்கள் என்றால் பாருங்கள்.

அந்த வருஷம் நோன்பு நல்ல வெயிலுக்குள் வந்தது. தலைமன்னாரில் ரயிலும் கப்பலும் ஓடத் தொடங்கி ஏழெட்டு வருஷம் இருக்கும். சோளகக் காற்று மணலை வாரி அடிக்கும், கடல் கண்ணாடி போலக் கூசும். இருபத்தொன்பதாம் நாள் ஜுனைதீன் வெறும் வயிற்றோடு உச்சி வெயிலில் ஹவுளை நிரப்பினார். மறுநாள் பெருநாளாக இருந்தால் தொட்டி நிறைந்திருக்க வேண்டும் என்று மரைக்காரின் கட்டளை. மஃரிபுக்குப் பாங்கு சொல்லி, ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீருமாய் நோன்பு திறந்து, தொழுத கையோடு எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். நாங்கள் பெண்கள் கள்ளிப் பற்றைக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

மோதினாரை எப்போதும் முன்னுக்கு நிறுத்துவார்கள். அவருக்குக் கண் கூர்மை என்று பேர். நாலு வருஷத்தில் மூன்று தடவை முதலில் பிறை கண்டவர் அவர்தான். மேற்கே புழுதியும் மேகமுமாய்ச் சிவந்து கிடந்தது. எல்லோருக்கும் களைப்பு; எல்லோருக்கும் நாளைக்கே பெருநாளாக இருக்க வேண்டும் என்ற ஆசை. வீட்டில் ஆட்டைக் கட்டிப்போட்டிருந்தவர்களுக்கு இன்னும் ஆசை. பிறகு ஜுனைதீன் கையை நீட்டி “அந்தா” என்றார்.

எல்லோரும் அந்தக் கையின் வழியே பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனால் மோதினாருக்குப் பக்கத்தில் நின்ற மரைக்கார் தாடியைத் தடவிக்கொண்டு, “ஓம் ஓம், கண்டன். மேகத்துக்குக் கீழ. மெல்லிசு” என்றார். ஊரில் யாருக்கு என்ன தெரிந்தாலும் அது தனக்குத் தெரியாது என்று அந்த மனிதர் ஆயுளில் சொன்னதில்லை. லெப்பை இருவரையும் கலிமாச் சொல்லிச் சாட்சி சொல்ல வைத்தார். இருவரும் சொன்னார்கள். கரை முழுக்க அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கிளம்பியது.

பள்ளிக்குத் திரும்பி வந்த ஜுனைதீன் கால் கழுவக் குனிந்தார். ஹவுள் தண்ணீருக்குள் பிறை கிடந்தது. பள்ளிச் சுவரைப் பார்த்தார், அங்கேயும் இருந்தது. கண்ணை மூடினார். போகவில்லை. ஓரம் துடிக்கத் தொடங்கியிருந்தது.

இதையெல்லாம் பிறகு குல்சூம் என்னிடம் சொன்னாள். அவர் வீட்டுக்கு வந்து சுவரோடு சாய்ந்து இருந்துகொண்டு, “குல்சூம், நான் கண்டது பிறையில்ல” என்றாராம். வழக்கத்தில் அது வளையும்போதே துடிக்கத் தொடங்கிவிடும். அன்றைக்குத் துடிக்கு முன்னமே வாய் சொல்லிவிட்டது என்றாராம். தலையைத் துணியால் கட்டிக்கொண்டு நேரே மரைக்கார் வீட்டுக்குப் போனார். குல்சூம் பின்னாலேயே போய்ப் படலையடியில் நின்றாள்.

மரைக்கார் கதிரையில் இருந்து ஆட்டை எங்கே அறுப்பது என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆட்களை அனுப்பிவிட்டுத்தான் கேட்டார். ஜுனைதீன் வெளிச்சத்தைப் பற்றி, இடியைப் பற்றி, ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, “மரைக்கார், அது வானத்தில இருந்ததில்ல. என்ட தலைக்குள்ள இருந்தது. லெப்பையிட்டச் சொல்லி நிப்பாட்டுவம்” என்றார்.

மரைக்கார் கதிரையை விட்டு எழும்பினாராம்.

“அப்ப நான் கண்டது என்ன, மோதினார்?”

ஜுனைதீன் தலைக்கட்டை இறுக்கினார்.

“உமக்கு வருத்தமெண்டா எனக்கும் வருத்தமோ? நீர் கண்டீரோ இல்லையோ அல்லாஹ்வுக்குத் தெரியும். நான் கண்டனான். போய்த் தக்பீர் சொல்லும்.”

திரும்பி வருகிற வழியில் ஜுனைதீன் அழவில்லையாம், கோபப்படவுமில்லையாம். ஆறுதல்பட்டாராம். “அவர் கண்டிருந்தா பிறை இருந்திருக்கும்தானே, குல்சூம்?” என்று கேட்டாராம். தன் கண்ணை நம்ப முடியாத மனிதர், வேறு என்ன செய்வார்? மரைக்காரின் கண்ணை நம்பிக்கொண்டு பள்ளிக்குப் போய்த் தக்பீர் சொன்னார். அதற்குள் இடி இறங்கிவிட்டது. ஒவ்வொரு தக்பீருக்கும் இடையில் அவர் மூச்சு இழுப்பது எங்கள் வீடு வரை கேட்டது. பக்தி என்று நினைத்தோம்.

மறுநாள் ஊர் பெருநாள் கொண்டாடியபோது அவர் இருட்டறையில் சாக்குத் தொங்கவிட்டுக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தார். மத்தியானம் வள்ளம் வந்தது. கிணற்றடிச் சண்டை முடிகிற நேரத்தில் சூரியனும் இறங்கியது. அப்போது மேற்கே, நீரோடு ஒட்டினாற்போல, நூல் கனத்தில் ஒரு பிறை தெரிந்தது. சின்னப் பிள்ளைகள்கூடக் கண்டார்கள். முதல்நாள் பிறை. ஹவ்வா உம்மா வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு விசாரணை என்று லெப்பை சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ஹவ்வா உம்மா மறுபடி வந்தார். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது, கையில் ஒரு சட்டியில் கறி இருந்தது. மேகத்தின் ஓரத்தைப் பிறை என்று இருவருமே பிழையாகக் கண்டுவிட்டோம் என்று மோதினார் சொன்னால் போதுமாம். மனிதர் பிழைவிடுவது வழக்கம், ஊர் விட்ட ஒரு நோன்பைப் பிறகு பிடித்துக் கழாச் செய்துவிட்டு மறந்துவிடும், வீடும் வேலையும் இருந்தபடி இருக்கும். வருத்தம் கிருத்தம் என்று பள்ளிக்குள் கதை எடுத்தால் பிறகு தன் தம்பி பொறுப்பில்லை. கறிச்சட்டியைக் குல்சூம் வாங்கினாள். கறி நல்ல கறிதான், எனக்கும் கொஞ்சம் தந்தாள்.

அன்று முழுவதும் வேலிக்கு அப்பால் மெல்லிய பேச்சு. மேகம் என்று சொல்லிவிடும்படி குல்சூம் கெஞ்சினாள். றாபியாவைப் பற்றி, சம்பந்தத்தைப் பற்றி, கொண்டச்சிக்குத் திரும்பிப் போனால் எந்த மரத்துக்குக் கீழ் படுப்பது என்பதைப் பற்றி எல்லாம் சொன்னாள். ஜுனைதீன் ஒரே வாக்கியத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்: ஒரு தரம் தெரியாமல் பொய்ச்சாட்சி சொல்லியாயிற்று, தெரிந்துகொண்டு இரண்டாம் தரம் எப்படிச் சொல்வது?

விசாரணையில் நடந்ததை என் வீட்டுக்காரர் வந்து நடித்தே காட்டினார். ஜுனைதீன் எழும்பி, தூணைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தலையிடிக்கு முன்னால் பிறை போல ஒரு வெளிச்சம் வரும், அன்றைக்கும் அதுதான், வேண்டுமென்று சொல்லவில்லை, அல்லாஹ் மன்னிக்க வேண்டும் என்றார். அப்போது என் வீட்டுக்காரர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர், பின்வரிசையில் இருந்து கேட்டார்:

“அப்ப மரைக்கார் கண்டது ஆர்ட தலையிடி?”

முதலில் ஒருவர் இருமினார். பிறகு முழுப் பள்ளியும் சிரித்தது. லெப்பைகூடத் தலைப்பாகையைச் சரிசெய்கிற சாட்டில் முகத்தை மறைத்தாராம். சிரிக்காதவர்கள் இரண்டு பேர், மரைக்காரும் மோதினாரும். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை என் வீட்டுக்காரர் இப்போது நினைப்பதில்லை. நினைப்பூட்டினால் எழும்பிப் போய்விடுவார்.

லெப்பை தீர்ப்புச் சொன்னார். ஊர் ஒரு நோன்பைக் கழாச் செய்ய வேண்டும். மோதினார் நோயாளி, அவர் மீது குற்றம் இல்லை. மரைக்காரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வத்தையில் வேலை செய்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர்.

பதினைந்து வருஷமாக நடிப்பு என்று சொன்ன தலையிடியை அன்றைக்குத்தான் ஊர் நம்பியது. ஆண்கள் வழியில் கண்டால் சுகம் விசாரித்தார்கள். றாபியாவுக்கு ஒருத்தி முட்டை கொண்டுபோய்க் கொடுத்தாள். மரைக்காரும் மிகுந்த அன்போடு மூன்று வாரம் பொறுத்திருந்தார். பிறகு பள்ளி முற்றத்தில் நாலு பேர் இருக்கையில், கோபமில்லாமல், ஒரு சந்தேகம் கேட்கிறாற்போலக் கேட்டார். சுபஹுப் பாங்கு சொல்வது கிழக்கே வெளுப்பைக் கண்ணால் பார்த்து. மோதினார் காண்கிற வெளுப்பு வானத்து வெளுப்பா, தலைக்குள் வெளுப்பா என்பதை யார் சொல்வது? அது பிழைத்தால் ஊருடைய தொழுகை என்ன ஆவது?

லெப்பை யோசித்தார். யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அன்றோடு ஜுனைதீனின் பாங்கு நின்றது. என் வீட்டுக்காரரும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு பழையதெல்லாம் கிளறப்பட்டது. முன்னைய வருஷங்களில் அவர் கண்ட பிறைகள் எப்படி? அந்தப் பிறைகளை எண்ணி நாள் வைத்த கலியாணங்கள் எப்படி? கிணற்றடியில் இதைப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. பேசிக்கொண்டிருக்கும்போது குல்சூம் குடத்தோடு வந்தாள். நாங்கள் மீன் விலைக்குப் பேச்சை மாற்றினோம். அவள் தண்ணீர் அள்ளிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் போனாள்.

ஜுனைதீன் ஒரு தடவை மரைக்காரிடம் போய், பாங்கு சொல்ல வேண்டாம், ஹவுளுக்குத் தண்ணீர் அள்ளுகிற வேலையையாவது தரும்படி கேட்டாராம். நோயாளியைத் தண்ணீர் அள்ள வைத்தால் ஊர் தன்னைப் பழிக்கும் என்று மரைக்கார் வருத்தத்தோடு மறுத்துவிட்டார். வீட்டை ஒழித்துக் கொடுக்க இரண்டு மாதத் தவணை கொடுத்தார். அந்த இரண்டு மாதத்தில் ஏழு தடவை இடி இறங்கியது. இப்போது ஒளிக்கத் தேவையில்லாததால் முனகல் எங்கள் வீடு வரை கேட்டது. நான் ஒருநாள் சுக்குக் கொண்டுபோனேன். வாசலில் வாங்கிக்கொண்டு, “இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்கள், மச்சி?” என்று குல்சூம் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

அவர்கள் ஒருநாள் விடியல் வெள்ளாப்பில் பெட்டியும் பாயுமாக வள்ளம் ஏறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அங்கே குல்சூமின் தூரத்து உறவுக்காரர் கப்பல் துறையடியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தார். ஜுனைதீனுக்கு அங்கே கோப்பை கழுவுகிற வேலை, இடி வந்தால் மூட்டைகளுக்குப் பின்னால் படுக்க விட்டார்களாம். எருக்கலம்பிட்டிச் சம்பந்தம் காரணம் சொல்லாமலே நின்றுவிட்டது. அந்தப் பையன் பிறகு எங்கள் ஊரிலேயே, மரைக்காரின் அண்ணன் மகளைக் கட்டிக்கொண்டான். சனூன் மோதினாரானான்; சுபஹுப் பாங்கு வாரத்தில் இரண்டு நாள் பிந்தியது, அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் அவனும் ஒரு புத்தளத்துக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கே கடை போடப் போய்விட்டான். ஹவ்வா உம்மா கொழும்பில் மகளோடு இருக்கிறார். பின்வளவு வீடு பூட்டிக் கிடக்கிறது, கறையான் ஏறிவிட்டது.

றாபியாவைத் தேத்தண்ணிக்கடைக்காரரே இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டார். அவருக்கு நாற்பத்தாறு வயது, மூத்த தாரத்துப் பிள்ளைகள் மூன்று பேர். மாப்பிள்ளை பக்கம் கேட்டது ஒரேயொரு கேள்விதானாம், பெண்ணுக்கும் தலையிடி உண்டா என்று. இல்லை என்று குல்சூம் சொன்னாள். உண்டு. கலியாணத்துக்கு முந்தின வருஷம் தொடக்கம் மாதம் இரண்டு தடவை, வலப்பக்கம்.